வெள்ளையில் மட்டும் கால் வை

உப்புக்கிடங்குத் தெருவில் உப்பும் கிடையாது, கிடங்கும் கிடையாது, வண்டிகள்தான் உண்டு. ஒரு முனையில் ரயில்வே கேட் சாலை, மறு முனையில் மேம்பாலச் சாலை, இரண்டும் சேருகிற இடத்தில் ஐந்து நிமிஷம் நிறுத்திவைக்கிற ஒரு சிக்னல். அந்த ஐந்து நிமிஷத்தைப் பொறுக்க மாட்டாமல் வடசென்னையில் பாதி இந்த ஒடுங்கின தெருவுக்குள் மூக்கை நுழைத்து அந்தப் பக்கம் வெளியேறும். காரும் வேனும் ஆட்டோவும், தண்ணீர் கேன் ஏற்றின மினி லாரியும், முதுகில் சாப்பாட்டுப் பை சுமந்த பைக்கும் விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகும். போனுக்குள் உட்கார்ந்து வழி சொல்கிறாளே ஒரு பெண், முகமில்லாதவள், ஒரு நாளும் இந்தத் தெருவில் கால் வைக்காதவள், அவள்தான் எல்லோரையும் 'இடப்பக்கம் திரும்பவும்' என்று இங்கே திருப்பிவிட்டாள். தெருவில் அவளைத் திட்டாத ஆள் இல்லை. திட்டினால் அவளுக்குக் கேட்கவா போகிறது.

வீடுகள் பெரும்பாலும் ஒரு சாரியில். எதிர்ச் சாரியில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். நடுவில் இருபது அடி தார். அந்த இருபது அடியைத் தாண்ட வேண்டிய பிள்ளைகளுக்காக, பள்ளிக்கு எதிரே வெள்ளைக்கோடு போட்டுக்கொடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வேகத்தடையாவது கட்டிக்கொடுங்கள் என்று குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் குலசேகரன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், மாநகராட்சிக்குப் பதினோரு மனு எழுதினார். பதினோரு மனுவுக்கும் சேர்த்து ஒரே ஒரு பதில் வந்தது. மேற்படி தெருவில் விபத்து மரணம் எதுவும் பதிவாகவில்லை ஆதலால் தற்சமயம் அதற்கான தேவை எழவில்லை. 'ஒரு ஆளு செத்தாத்தான் கோடு போடுவாங்களாம்' என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பாவிகள், நாக்கில் சனி உட்கார்ந்திருக்கிறான் என்று யாருக்கும் அன்றைக்குத் தெரியவில்லை.

அந்தச் சிரிப்பு பிடிக்காதவள் வேம்பு. வாசலோடு ஒட்டின அறையில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறவள். புருஷன் தயாளனுக்கு வாடகைக் கார் ஓட்டுகிற வேலை, விடியும்போதே போய்விடுவான். ஒரே பெண், பூவிழி, மூன்றாம் வகுப்பு. காலையில் எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவேதான் மாவு வாங்க வாசலில் கூட்டம் நிற்கும். அதே நேரத்தில்தான் பிள்ளை தெருவைத் தாண்ட வேண்டும். கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆள் இல்லை. கோலம் போடுகிறவளுக்குக் கோடு போடத் தெரியாதா என்று ஒரு நாள் வேம்புக்குத் தோன்றியது. கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு, வருகிற வண்டிகளைக் கையைக் காட்டி நிறுத்தி, திட்டு வாங்கி, திருப்பித் திட்டி, தன் வாசலிலிருந்து பள்ளிக்கூடத்து வாசல்வரைக்கும் முழத்துக்கு முழம் பட்டை பட்டையாகப் பன்னிரண்டு வெள்ளைக்கோடு போட்டாள். ஒன்பது மணிக்கெல்லாம் டயர்கள் அதைத் தின்றுவிடும். மறுநாள் மறுபடி போடுவாள். ஆனால் அந்த அரை மணி நேரம், தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது அசல் கோடு மாதிரியே இருக்கும். கிட்டே வந்து பார்த்து மாவு என்று தெரிந்தவனும், பொம்பளை போட்ட கோலத்தின் மேல் எப்படி ஏற்றுவது என்று ஒரு கணம் பிரேக்கில் கால் வைப்பான். குழந்தைக்கு நிற்காத வண்டி கோலத்துக்கு நின்றது.

'வெள்ளையில மட்டும் கால் வை. கருப்புல வெக்காத. வெள்ளையில நின்னா வண்டி தன்னால நிக்கும், இன்னா புரிஞ்சுதா?' என்று வேம்பு தினமும் சொல்லி அனுப்புவாள். பூவிழி தலையை ஆட்டிவிட்டு, கோட்டுக்குக் கோடு தாவித் தாவி, பன்னிரண்டாவது கோட்டில் நின்று திரும்பிக் கையாட்டிவிட்டுப் பள்ளிக்குள் ஓடும்.

ஆனி மாதம், பள்ளி திறந்து இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. வேம்பு ஆறு கோடு போட்டு நடுத்தெரு வரைக்கும் வந்திருந்தாள். 'மாவு குடுக்கா, ஆபீசுக்கு டைமாவுது' என்று வாசலில் யாரோ கத்தினார்கள். ஒரு ஆளுக்குக் கொடுத்துவிட்டு வந்து மீதியைப் போட்டுக்கொள்ளலாம் என்று உள்ளே போனாள். ஒரு ஆளுக்குப் பின்னால் நாலு ஆள் நின்றார்கள். இதற்கிடையில் பூவிழி பையை மாட்டிக்கொண்டு தானே கிளம்பி, வாசலை விட்டிறங்கி, ஒன்று இரண்டு என்று தாவி, ஆறாவது கோட்டுக்குப் போய், அதற்கு மேல் வெள்ளை இல்லாததால் அங்கேயே நின்றாள். கருப்பில் கால் வைக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அம்மா பேச்சை ஒரு எழுத்துத் தட்டாத பிள்ளை, நடுத்தெருவில் நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் கேன் வண்டிக்காரன் இருபத்திரண்டு வயசுப் பையன். அவனே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். 'தாண்டி ஓடிரும்னு நெனச்சேன்க்கா, எல்லாப் புள்ளயும் ஓடிருமே, இது நிக்கும்னு நெனைக்கலக்கா' என்று ஆஸ்பத்திரித் தரையில் புரண்டு அழுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பதினேழாம் நாள் காலை எட்டரை மணிக்கு, ரெட்டைச் சடையும் யூனிஃபார்மும் முதுகில் பையுமாக, இடது காலில் மட்டும் ஷூவோடு (வலது கால் ஷூ கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை) பூவிழி தன் வீட்டு வாசலை விட்டிறங்கினாள். இல்லாத கோடுகளில் கால் வைத்து ஆறு தாவு தாவினாள். நடுத்தெருவில் நின்றாள். அவள் கால் தாரில் பட்டதுமே தெருவில் இருந்த அத்தனை எஞ்சினும் அணைந்துபோயிற்று. சாவியைத் திருகினார்கள், கிக்கரை உதைத்தார்கள், ஹாரனை அழுத்தினார்கள். ஹாரனுக்கும் குரல் இல்லை. ஏழு நிமிஷம் அப்படி நின்று, எதிரே பள்ளிக்கூடத்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வந்த வழியே ஆறு தாவில் திரும்பி, வாசற்படியில் ஏறின இடத்தில் இல்லாமல் போனாள். எஞ்சின்கள் உறுமின. வேலைக்கு நேரமாகிவிட்ட கடுப்பில் எல்லோரும் அவசர அவசரமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

'வேம்பு பொண்ணு மாதிரி கீது?' என்றார் டீ மாஸ்டர், ஆற்றுகிற டீயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

'அதான்.'

'ஒரு ஷூதான் போட்டுகினுகீது.'

'ஆமா, பாத்தேன்' என்றார் டீ குடித்தவர். அன்றைக்கு அதைப் பற்றித் தெருவில் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அவள் ஒரு நாள் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள், மழை விடுமுறையிலும் வந்தாள். வந்து நிற்கிற நேரம்தான் நாளுக்கு நாள் கூடிற்று. ஆடியில் கால் மணி நேரம், ஐப்பசியில் இரண்டு மணி நேரம், தையில் பொங்கல் வைத்தபோது பொழுது உச்சிக்கு வருகிற வரைக்கும் நின்றாள். பங்குனியிலோ விடிகிறபோது இறங்கினால் விளக்கு வைக்கிறபோதுதான் படியேறினாள். அவள் நிற்கிற வரைக்கும் தெருவில் ஒரு எஞ்சினும் உயிர்க்காது. முதலில் வந்து மாட்டிக்கொண்டவர்கள் கத்தினார்கள். அப்புறம் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். அப்புறம் வராமலே இருந்தார்கள். போனுக்குள் இருந்த பெண்ணும் மூன்று மாதம் இந்தத் தெருவைச் சிவப்பாகக் காட்டிப் பார்த்துவிட்டு, 'நேராகச் செல்லவும்' என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். பதினோரு மனுவால் ஆகாததை மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒரே இடத்தில் நின்று செய்து முடித்தாள்.

தெருவுக்கு அது பழகிப்போயிற்று என்று சொன்னால் போதாது, பிடித்துப்போயிற்று. நாலு வீடு தள்ளி விசில் விடுகிற குக்கர் எந்த வீட்டுடையது என்று இப்போது சொல்ல முடிந்தது. இருபது வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒருத்தர் இருமல் ஒருத்தருக்குக் காதில் விழுந்தது. முட்டி தேய்ந்த கிழவர்கள் நடுத்தெருவில் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நிதானமாக நடந்தார்கள். சாயங்காலம் பிளாஸ்டிக் நாற்காலிகள் தாருக்கு இறங்கின, கேரம் போர்டு இறங்கியது, பையன்கள் ஸ்டம்பு நட்டார்கள். பூவிழி மேல் பந்து பட்டால் அது டெட் பால், ரன்னும் இல்லை அவுட்டும் இல்லை என்று அவர்களுக்குள் சட்டம் வைத்துக்கொண்டார்கள். வீடு பார்க்க வருகிறவர்களுக்குப் புரோக்கர்கள், 'சார், இந்தத் தெருவுல வண்டித் தொல்லையே கிடையாது' என்று அவளைத் தாண்டி நடத்திக் கூட்டிப்போனார்கள். பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, 'எங்க தெருவுலயும் ரெண்டு புள்ளைங்க போச்சு, ஒண்ணாவது வந்து நிக்கிதா பாரு' என்று வாய்விட்டுப் பொறாமைப்பட்டாள். குலசேகரன் பன்னிரண்டாவது மனுவைக் கிழித்துப் போட்டார். இனி எதற்கு மனு?

வேம்பு என்ன செய்தாள் என்று கேட்டால், மாவு ஆட்டினாள். வேறு என்ன செய்வது. முதல் வாரம் படியிலேயே காத்திருந்து, இறங்குகிற பிள்ளையைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தாள். இட்லிச் சட்டி ஆவியைப் பிடிக்கிற மாதிரி கை இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள், 'வந்துரு கண்ணு, கருப்புல கால் வெச்சா பரவால்ல, வந்துரு' என்று பள்ளி வாசலில் நின்று கெஞ்சினாள். பூவிழி அம்மாவைப் பார்ப்பாள், கீழே தாரைப் பார்ப்பாள், நிற்பாள். சொன்னதை மாற்றிச் சொன்னால் கேட்கிற பிள்ளை இல்லை அது. ஆறு கோடு போட்டு ஆறு கோட்டை விட்டவள் நான், மீதி ஆறும் வந்தால்தான் அது தாண்டும் என்று வேம்புக்குத் தெரிந்துபோயிற்று. தெருவுக்கும் தெரியும். ஆனால் அதை யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

சித்திரை பிறந்து தார் இளகத் தொடங்கியது. ஷூ இல்லாத அந்த வலது காலைப் பிள்ளை தூக்கித் தூக்கி வைத்தாள். செத்த பிள்ளைக்குச் சூடு உறைக்குமா என்று கேட்பீர்கள். தூக்கித் தூக்கி வைத்தாள், அவ்வளவுதான் தெரியும். வேம்பு வியாபாரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுபோய் அவள் காலைச் சுற்றி ஊற்றினாள். ஊற்றி முடித்துத் திரும்புவதற்குள் தார் காய்ந்துபோகும். மறுபடி ஊற்றினாள். பத்து மணியிலிருந்து நாலு மணிவரைக்கும் அவளுக்கு அதுதான் வேலை. பெற்ற வயிறு எரிந்தது என்று சொல்வது சும்மா பேச்சுக்கு இல்லை. வேம்புக்கு நிஜமாகவே அடிவயிற்றில் அனல் இருந்தது.

துக்க வீட்டில் ஒரு வருஷத்துக்குக் கோலமாவைத் தொடக் கூடாது. அதனால் வேம்பு ஜைபுன்னிசாவிடம் போனாள். அடுத்த வீடு, பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும் கூடவே இருந்தவள், அவள் பெண் ரிஹானா அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு.

'எக்கா, நீ போட்டுரு. உனுக்கு இந்தத் தீட்டெல்லாம் கெடையாது. ஆறே ஆறு கோடு. அது தாண்டிப் போய் சேந்துரும்.'

ஜைபுன்னிசா முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

'ரிஹானா இப்போ தனியா ஸ்கூலுக்குப் போவுது வேம்பு' என்றாள். 'இத்தன மாசமா நான் வாசல்ல நின்னு பாக்கறதுகூட இல்ல. ஏன்னா உன் பொண்ணு அங்க நிக்கிது. அது போய்ட்டா மறுபடியும் எல்லா வண்டியும் வரும். எங்கையால அந்தக் கோட்டப் போட்டுட்டு, நாளைக்கு எம்பொண்ண நான் எங்க போய்த் தேடுவேன்? என்னத் திட்டிக்கோ. வேணும்னா அடி. போட மாட்டேன்.'

வேம்பு திட்டவில்லை. அவள் இடத்தில் தான் இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள் என்று அவளுக்குத் தெரிந்தது. அது தெரிந்ததுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

தயாளனோ காரை வாசலில் நிறுத்தி ஒன்பது மாதமாயிற்று. டீக்கடை பெஞ்சில் பிள்ளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். அவள் படியேறினால் இவனும் எழுந்து வீட்டுக்கு வருவான்.

'அது கண்ணுக்குத் தெரியுது இல்ல? அதுவாவது இருக்குது இல்ல?' என்றான். 'அதையும் அனுப்பிட்டு நான் இன்னாத்தப் பாத்துகினு உக்காருவேன்?'

'கால் சுடுதுய்யா அதுக்கு.'

'தண்ணி ஊத்து' என்றான். சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினான். அவனை மேற்கொண்டு கேட்க வேம்புக்கு மனசு வரவில்லை.

தண்ணீர் ஊற்றுகிறதைப் பார்த்துத் தெருவுக்கும் இரக்கம் வந்தது. சங்கம் கூடிப் பேசி, குழந்தை நிற்கிற இடத்தில் நாலு கால் நட்டு ஓலைப் பந்தல் போடுவது, வெயில் காலம் முடிந்ததும் அதைத் தகரக் கூரையாக்குவது என்று தீர்மானம் போட்டார்கள். வேம்பு எழுந்து, பந்தல் வேண்டாம், பிள்ளையைத் தாண்ட விடுங்கள் என்றாள். குலசேகரன், ஆயுள் முழுக்கக் கறுப்புச் சட்டை போட்டுச் சாமி இல்லை சடங்கு இல்லை என்று மேடையேறிப் பேசினவர், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

'வருஷம் திரும்பற வரைக்கும் துக்க வீட்ல கோலமாவு தொடக் கூடாதும்மா. வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல?'

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கெட்ட மனுஷர்கள் ஒருத்தரும் இல்லை அதில். எல்லோர் வீட்டிலும் பிள்ளை இருந்தது.

வருஷம் திரும்பியது. முதல் வருஷத் திதி கொடுத்த மறுநாள் விடிகிறபோது வேம்பு வெளியே வந்து, பந்தலுக்கு அந்தப் பக்கத் தாரைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, டப்பாவைத் திறந்தாள். தடுக்க யாரிடமும் வழக்கம் மிச்சமில்லை. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பல் தேய்க்கிற பிரஷ்ஷோடும், பால் பாக்கெட்டோடும், தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டபடியும் தெரு முழுக்க நின்று பார்த்தது. ஏழாவது கோடு, எட்டாவது கோடு என்று பொறுமையாக, நூல் பிடித்த மாதிரி, அவள் வாழ்க்கையில் அவ்வளவு நேராக ஒரு கோடும் போட்டதில்லை, பன்னிரண்டாவது கோட்டைப் பள்ளி வாசலில் முடித்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டாள்.

பூவிழி இறங்கினாள். ஆறு தாவு தாவினாள். நின்றாள். ஏழாவது கோடு அவள் முன்னால் வெள்ளைவெளேரென்று கிடந்தது. ஒரு காலைத் தூக்கினாள். தெருவில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. தூக்கின காலை அப்படியே திரும்ப வைத்துவிட்டு, குனிந்து கோட்டை உற்றுப் பார்த்தாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

'அம்மா, இது நெஜக் கோடா?'

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. வேம்பு சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் பிள்ளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, அவள் என்ன சொன்னாலும் நம்புவதற்குத் தயாராக. இதே கண்ணோடுதானே ஆறாவது கோட்டில் நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்திருக்கும் என்று நினைத்ததும் வேம்புக்கு நாக்கு எழவில்லை. இன்னொரு தடவை அந்தப் பிள்ளையிடம் பொய் சொல்ல அவளால் ஆகவில்லை.

'இல்ல கண்ணு. கோலமாவு.'

'சரிம்மா' என்றாள் பூவிழி. 'நெஜக் கோடு வந்ததும் வர்றேன்.'

பையைத் தோளில் சரியாக ஏற்றிக்கொண்டு பந்தல் நிழலில் நின்றுகொண்டாள். தெரு மூச்சு விட்டது. யாரோ ஒருத்தர் ஒரே ஒரு தடவை கைதட்டிவிட்டு வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார். ஜைபுன்னிசா மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து வேம்பு மாநகராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள். குலசேகரன் வெட்கத்தோடு மனு மட்டும் எழுதிக்கொடுத்தார், பதின்மூன்றாவது மனு. இந்தத் தடவை மரணம் இருந்தது, பதிவாகியும் இருந்தது, நல்ல பெயிண்ட்டில் பன்னிரண்டு கோடு போட ஒரு பகல் போதும். வராந்தா பெஞ்சில் ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, அவள் காலையில் குடத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டு அங்கே போவாள், மூடுகிறபோது திரும்பி வருவாள். புரட்டாசியில் ஒரு வழியாகப் பொறியாளர் ஒருத்தி வந்தாள். சிந்துஜா என்று பெயர், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம், தலையில் தொப்பியும் கையில் அட்டையுமாக. காலை ஏழு மணியிலிருந்து மாலை ஏழு மணிவரைக்கும் போகிற வண்டியை எண்ண வேண்டும் என்றாள்.

'எண்ணி?'

'மணிக்கு முந்நூறு வண்டியாவது போனாத்தான்க்கா கோடு போட முடியும். அதான் ரூல். வண்டியே போகாத ரோட்ல எதுக்குக் கோடுன்னு மேல கேப்பாங்க.'

வேம்புக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கினதும் சிரித்தாள். பிறகு தெருமுனைக்கு ஓடினாள். ரயில்வே கேட் சாலையில் கார்களும் வேன்களும் நெரிந்துகொண்டு கிடந்தன. எந்த வண்டிகளை மண்ணள்ளித் தூற்றிச் சபித்தாளோ அதே வண்டிகளைப் பார்த்து ரெண்டு கையையும் வீசி, 'உள்ள வாங்க, இந்தாண்ட வழி கீது, சிக்னல் கெடையாது, வாங்க' என்று வெயிலில் நின்று கூப்பிட்டாள். கண்ணாடியை இறக்காமல் அவளைப் பார்த்தார்கள். 'நேராகச் செல்லவும்' என்று அவர்களுக்கு யாரோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சைக்கிள்கூடத் திரும்பவில்லை. தொண்டை கட்டிப்போய்த் திரும்பி வந்து தயாளனை எழுப்பினாள்.

'காரை எடுய்யா. நீயாவது இப்படியும் அப்படியும் ஓட்டு. எண்ணிக்கட்டும்.'

தயாளன் எழுந்து, தூசியும் காக்கை எச்சமுமாகக் கிடந்த காரில் ஏறி, சாவியைத் திருகினான். சத்தமில்லை. மறுபடி திருகினான். நடுத்தெருவில் பிள்ளை நிற்கிறபோது எந்த எஞ்சினும் உயிர்க்காது என்பது அவனுக்குத் தெரியாததா. தெரிந்தும் சாவி வளைகிற வரைக்கும் திருகினான். அப்புறம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஒருத்தருக்கு வேண்டியது இன்னொருத்தரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றாலாவது காலைப் பிடித்துக் கேட்கலாம். இங்கே பிள்ளை போனால்தான் வண்டி வரும், வண்டி வந்தால்தான் கோடு வரும், கோடு வந்தால்தான் பிள்ளை போகும். யார் காலைப் பிடிப்பது?

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சிந்துஜா அட்டையில் வண்டிகளின் கட்டங்களில் வரிசையாகப் பூஜ்யம் போட்டு முடித்தாள். நாள் பூரா வேம்புவோடு அவளும் நாலு குடம் தண்ணீர் சுமந்திருந்தாள். அவளுக்கும் கண் சிவந்திருந்தது.

'பாதசாரிகள்னு ஒரு கட்டம் இருக்குக்கா' என்றாள் மெதுவாக. 'பாப்பாவ எழுதட்டுமா?'

'எழுதும்மா.'

'வயசு?'

'எட்டு.'

'இப்ப ஒம்பது முடிஞ்சிருக்கணும் இல்லக்கா?'

'எட்டுதாம்மா' என்றாள் வேம்பு. 'இனிமே எட்டுதான்.'

சிந்துஜா எழுதினாள். அடுத்த கட்டத்துக்குப் போன பேனா நின்றது. சாலையைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரம் என்று அதில் அச்சடித்திருந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், பந்தலைப் பார்த்தாள், வேம்புவைப் பார்க்க மட்டும் முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

'அத காலியா வுட்டுரும்மா' என்றாள் வேம்பு. 'இன்னும் தாண்டல.'

சிந்துஜா அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள். கீழே தேதி போட்டு, வேம்புவிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு, பஸ் பிடிக்கப் பெரிய சாலைக்கு நடந்து போனாள்.